குடியுரிமை மாறினால் ஊரிலுள்ள காகிதங்களும் மாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் மனைவியுடன் வசிக்கிறேன். எங்கள் ஒரே மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். 2024-ஆம் ஆண்டு அவளுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அங்கே செய்ய வேண்டியதை அவளும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டார்கள். இங்கே அவள் பெயர் இருக்கிற காகிதங்களைத் திருத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, பான் என்று தொடங்கி, என்னுடைய சேமிப்புகளில் வாரிசுதாரராக அவளைக் குறித்திருக்கும் இடம் வரைக்கும் அது நீண்டது. இதைப் பற்றித் தமிழில் யாரும் விளக்கமாக எழுதிப் பார்த்ததில்லை. ஆகவே கடிதம் சற்று நீளும். முடிந்தவரை வெட்டாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெருவே கிடையாது. அவர்களில் பலர் போன இடத்திலேயே குடியுரிமையும் வாங்கிவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் மத்திய அரசு கொடுத்த கணக்குப்படி, 2022-இல் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையை விட்டிருக்கிறார்கள். 2023-இல் 2,16,219 பேர். இத்தனை பேருக்கும் ஊரில் ஒரு வீடு, ஒரு வங்கிக் கணக்கு, பட்டியலில் ஒரு பெயர் என்று ஏதாவது இருக்கத்தான் செய்யும். ஆனால் எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் அவற்றைத் தொடவே இல்லை. யாரும் ஏமாற்ற நினைத்து அப்படி விட்டுவைக்கவில்லை. பெற்றவர்களுக்கு விவரம் தெரியாது, விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு நேரம் கிடையாது, அலுவலகங்களில் யாரும் கேட்பதும் கிடையாது. பல வருடம் கழித்து வீட்டை விற்கும்போதோ, பெரியவர் இறந்து பட்டா மாற்றும்போதோதான் எல்லாம் சேர்ந்து கிளம்பும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அப்படி வந்து திகைத்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விடுப்பு முடிந்து திரும்பிப் போக வேண்டிய தேதி நெருங்கும், இங்கே வேலை ஒன்றும் நகராது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, ஒருவர் தன் விருப்பத்தின் பேரில் இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், பெற்ற அப்போதே அவருடைய இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அதற்கென்று தனியாக யாரும் ஆணை போட வேண்டியதில்லை. ‘பாஸ்போர்ட் இன்னும் ஆறு வருஷம் செல்லுபடியாகுமே, அதுவரைக்கும் இந்தியர்தானே?’ என்று நன்கு படித்த ஒரு நண்பரே என்னிடம் கேட்டார். இல்லை. பாஸ்போர்ட்டில் எந்தத் தேதி அச்சாகியிருந்தாலும் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றோடு அதைப் பயன்படுத்தும் உரிமை முடிந்துவிடுகிறது. அதை ஒப்படைக்காமல் வைத்துக்கொள்வதும், அதைக் காட்டிப் பயணம் செய்வதும் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம். இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்தால் ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள், கூடவே ஒப்படைப்புச் சான்றிதழ் ஒன்றும் தருவார்கள்.

இந்தச் சான்றிதழை யாரும் அலட்சியமாகப் போட்டுவிட வேண்டாம். நிலத்துக்கு மூலப் பத்திரம் எப்படியோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவருக்கு இங்குள்ள எல்லா வேலைக்கும் இது அப்படி. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு இது வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு இவர் இந்தியக் குடிமகன் இல்லை என்று நாளைக்கு யாராவது கேட்டாலும், குடியுரிமைச் சான்றிதழோடு இதையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். என் மகளிடம் சொல்லி இதன் தெளிவான நகல் ஒன்றை வாங்கி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கிற பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

ஓசிஐ அட்டையைப் பற்றி ஊரில் பெரிய குழப்பம் இருக்கிறது. ‘இரட்டைக் குடியுரிமை வாங்கிட்டான்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓசிஐ திட்டம் 2005-இல் வந்தது. இந்திய வம்சாவளியினருக்கென்று அதற்கு முன்பிருந்த பிஐஓ அட்டையை 2015 ஜனவரி 9 முதல் இதோடு இணைத்துவிட்டார்கள். இந்த அட்டை இருந்தால் விசா இல்லாமல் எத்தனை முறையும் வரலாம், எவ்வளவு நாளும் தங்கலாம், வீடு வாங்கலாம், வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது ஓசிஐ அட்டையையும் மாற்றும் தொல்லை இருந்தது. 2021-இல் அதை எளிதாக்கிவிட்டார்கள். 20 வயதுக்கு முன் அட்டை வாங்கியவர், 20 முடிந்தபின் முதல் முறை பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒருமுறை அட்டையை மாற்றினால் போதும். சிறு பிள்ளைகளுக்கு ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டின்போதும், பெரியவர்களுக்கு 50 வயது முடிந்தபின் ஒருமுறையும், புதுப் படத்தையும் பாஸ்போர்ட் நகலையும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அமெரிக்காவில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும் என்பதால் பேரன் பேத்தி விஷயத்தில் இது அடிக்கடி வரும். விமான நிலையத்துக்குக் கிளம்புகிற வாரத்தில் ஞாபகம் வந்தால் வீண் பதற்றம்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழர்களுக்கு இதில்தான் சிக்கல் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் பெயரின் முதலெழுத்தும் அவள் பெயரும் இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த முதலெழுத்தை விரித்து, என் முழுப்பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதினோம். அமெரிக்கா போய் வேலையில் சேர்ந்ததும் அலுவலகக் கடிதமெல்லாம் என் பெயரில்தான் அவளுக்கு வந்தது. கடைசியாகக் குடியுரிமை வாங்கும்போது மாப்பிள்ளையின் பெயரைப் பின்பெயராகச் சேர்த்துக்கொண்டாள். அங்கே குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயரை மாற்றிக் கேட்கலாம், நீதிமன்றம் அதற்கு ஆணை தரும். ஆக, ஒரே பெண்ணுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், பழைய பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், புது பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்.

இவளாவது பரவாயில்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு இந்திய பாஸ்போர்ட் எடுத்தவர்கள் பாடு இன்னும் சிரமம். அமெரிக்க விசாவில் அவர்களுடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயருக்கான இடத்தில் ‘எஃப்என்யு’ என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் இருக்கும்போதே இப்படி ஆகிவிடுகிறது. ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை எல்லாவற்றிலும் அதுவே தொடரும். குடியுரிமை விண்ணப்பம் அதைச் சரிசெய்ய நல்ல வாய்ப்பு. பலர் அதைப் பயன்படுத்தித் தங்கள் பெயரை மீட்டுக்கொள்கிறார்கள், அது நியாயமும்கூட.

ஆனால் அப்படி மாற்றும்போது ஊரிலுள்ள காகிதங்களையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாளைக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போது, அப்பாவின் குடும்ப அட்டையில் இருக்கும் பெண்ணும் அமெரிக்க பாஸ்போர்ட்டில் இருக்கும் பெண்ணும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் நம்புவதற்கு ஆதாரம் வேண்டும். அவர்கள் கேட்பதில் தவறே இல்லை. நானும் அந்த நாற்காலியில் இருந்தபோது கேட்டிருக்கிறேன். பெயர் மாற்ற ஆணையின் சான்றிட்ட நகல்களைக் கையோடு கூடுதலாக வாங்கி, ஒன்றுக்கு, ஆவணம் உண்மையானது என்று மற்ற நாடுகளும் ஏற்கும் அப்போஸ்டில் முத்திரை பெற்று ஊருக்கு அனுப்பிவைத்துவிட்டால் போதும். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005-இலேயே சேர்ந்துவிட்டது, அதனால் அமெரிக்காவில் வாங்கும் முத்திரை இங்கே செல்லும். கனடா 2024 ஜனவரி 11-ஆம் தேதிதான் அதில் வந்தது. அதற்கு முன் கனடாவில் இருந்தவர்கள் தூதரகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. அந்தப் பழைய ஞாபகத்தில் இன்னும் பயந்துகொண்டு தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

அப்புறம் வாக்காளர் பட்டியல். இதைத்தான் நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது. மகளுக்குக் குடியுரிமை வந்த செய்தி தெரிந்ததும், பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கப் படிவம் 7 கொடுக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. ‘பொறந்த ஊர்ல பேராவது இருந்துட்டுப் போகட்டுமே, அது யாருக்கு என்ன தொந்தரவு?’ என்றாள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. எனக்கும் கையெழுத்துப் போடுவது எளிதாக இல்லை. ஆனாலும் நான் அவளிடம் சொன்னது இதுதான்: பிறப்புப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இருக்கிறது, அவற்றை யாரும் அழிக்கப் போவதில்லை. வாக்காளர் பட்டியல் வேறு. இந்த ஊரை, இந்த மாநிலத்தை யார் ஆள வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உள்ளவர்களின் பட்டியல் அது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, இந்தியக் குடிமகன் அல்லாதவர் பெயர் அதில் இருக்கக்கூடாது என்கிறது. அவளுக்கு அங்கே வாக்குரிமை வந்துவிட்டது, 2024 நவம்பரில் அங்கே வாக்களித்தும் விட்டாள். இரண்டு நாட்டிலும் வாக்காளராக இருப்பது இரண்டு நாட்டுக்கும் செய்கிற அநியாயம்.

படிவம் 7-ஐ அதே தொகுதியில் வாக்காளராக இருக்கும் தகப்பனாரே கொடுக்கலாம். காரணம் எழுதும் இடத்தில் இந்தியக் குடிமகன் அல்ல என்ற விவரத்துக்கே தனிக் கட்டம் உண்டு. இடம் மாறிவிட்டார் என்று பொதுவாகக் குறிப்பது சுலபம்தான், ஆனால் நான் உண்மையான காரணத்தையே குறித்தேன். இதில் ஒரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட்டையே வைத்திருப்பவர் இங்கே வாக்களிக்கத் தகுதி உள்ளவர். அவர் படிவம் 6ஏ மூலம் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்துகொண்டு, தேர்தலன்று ஊருக்கு வந்து பாஸ்போர்ட்டைக் காட்டி வாக்களிக்கலாம். வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வகை. அவர்கள் பெயரை நீக்கச் சொல்வதாக யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடுவீடாகக் கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது, பக்கத்து வீட்டில் கனடாவில் இருக்கும் மகனுக்கும் சேர்த்துப் படிவம் வந்துவிட்டது. அவன் கனடாக் குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிறது. ஊரில் இல்லாதவருக்காக வீட்டிலுள்ள பெரியவர் கையெழுத்திடலாம் என்று சொன்னதால், ‘நான் போட்டுக் கொடுத்துடவா சார்?’ என்று அவன் அப்பா என்னைக் கேட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். பட்டியலுக்காகப் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்க அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் இடம் உண்டு. கையெழுத்துப் போடுவது எழுபது வயதைத் தாண்டிய அப்பா, கனடாவில் இருக்கிற பிள்ளைக்கு இது நடந்ததே தெரியாது. இந்த ஒரு காட்சிக்காகவாவது வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்கு உடனே போன் செய்து விவரம் சொல்ல வேண்டும்.

குடும்ப அட்டையில் பெயர் நீக்குவது சுலபம். இ-சேவை மையத்திலேயே முடிந்தது. ஆதார் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆதார் குடியுரிமைக்கான சான்று அல்ல என்று 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டமே சொல்கிறது. ஆகவே கையில் பழைய ஆதார் அட்டை இருப்பதை வைத்து இந்தியர் என்று எங்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பான் எண்ணைப் பொறுத்தவரை, குடியுரிமை மாறினாலும் எண் மாறாது. புதிதாக இரண்டாவது பான் வாங்கவே கூடாது, 10,000 ரூபாய் அபராதம் உண்டு. பழைய எண்ணிலேயே பெயரையும் விவரங்களையும் திருத்திக்கொள்ள வேண்டும். ஆதாரோடு இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தபோது, வெளிநாட்டில் இருப்பவர்கள் பலருடைய எண்ணும் சேர்ந்து போயிற்று. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் இந்தியக் குடிமகன் அல்லாதவர்களுக்கும் இணைப்பிலிருந்து 2017-ஆம் ஆண்டிலேயே விலக்கு தரப்பட்டிருக்கிறது. ஆனால் வருமான வரித் துறையின் பதிவில் இன்னும் உள்ளூர்வாசி என்றே இருந்தால் விலக்கு எப்படிப் பொருந்தும்? என் மகளுடைய எண்ணும் அப்படித்தான் நின்றது. பாஸ்போர்ட் நகலோடு வரி அதிகாரிக்கு எழுதிய பிறகு சரியாயிற்று.

வங்கியில் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கிளையின் பெயர் வேண்டாம். கல்லூரியில் படித்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கு, அவள் வெளிநாட்டு வேலைக்குப் போனதுமே, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாறியிருக்க வேண்டும். அந்நியச் செலாவணி விதி அப்படித்தான். அதை அவள் அப்போதே செய்துவிட்டாள். இப்போது வேண்டியது குடியுரிமையையும் பெயரையும் திருத்துவது மட்டும். கிளையில் ஒருவர் ஓசிஐ அட்டை போதும் என்றார், இன்னொருவர் கணக்கையே மூட வேண்டும் என்றார், மேலாளர் மகளை நேரில் அழைத்துவரச் சொன்னார். இந்திய வம்சாவளியினர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிறகும் என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்குகள் வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விதியில் தெளிவாக இடமிருக்கிறது. அந்த விதியை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் வேலை நடந்தது. முப்பது வருடம் கோப்பு பார்த்தவனுக்கே இந்த நிலை என்றால், பிள்ளை அனுப்பும் பணத்தை எடுக்க மட்டும் வங்கிக்குப் போகிற ஒரு தாயார் என்ன செய்வார்?

இனி நிலம். இதைப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஓசிஐ அட்டை உள்ளவர்கள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது என்பது பலருக்கும் தெரியும். தானமாகவும் வாங்க முடியாது என்பது தெரியாது. நம் பக்கத்தில் வயதான காலத்தில் பிள்ளை பேருக்கு நஞ்சையைச் செட்டில்மென்ட் எழுதிவைப்பது சாதாரணமாக நடக்கிற காரியம். பிள்ளை வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தால் அது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு விரோதம். இந்தியக் குடியுரிமையை விடாமல் வெளிநாட்டில் வசிப்பவருக்கும் இதே தடைதான். ஆனால் இங்கே வசிக்கும் பெற்றோரிடமிருந்து வாரிசாக அடைவதற்குத் தடை இல்லை, உயில் மூலமாகவும் அடையலாம். வீடு, வீட்டு மனை என்றால் உயிரோடு இருக்கும்போதே தானமாகவும் கொடுக்கலாம். வாரிசாக வந்த விவசாய நிலத்தைப் பின்னால் விற்க நினைத்தால், இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும்.

பதிவு அலுவலகத்தில் ஆதாரும் குடும்ப அட்டையும் காட்டினால் பத்திரம் பதிவாகிவிடும், அந்த இடத்தில் எதுவும் தடுக்காது. அதனாலேயே மக்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். நான் பணியில் இருந்த காலத்தில், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற ஒருவர் குடும்ப அட்டையைக் காட்டி ஊரில் நஞ்சை வாங்கினார். ஆசையாக வாங்கியது, தன் ஊரில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஏக்கம்தான். பல வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு விற்க வந்தபோது, வாங்க வந்தவரின் வக்கீல் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில், மீறலில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. நிலத்தை வைத்துக்கொள்ளவும் முடியாமல் விற்கவும் முடியாமல் அவர் பட்ட வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் என் நஞ்சைக்கு உயில் எழுதிவிட்டேன். அதில் மகளின் மூன்று பெயரையும், அவை ஒருவரையே குறிக்கும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அதேபோல நம் பெயரில் இருக்கும் காகிதங்களில் பிள்ளையின் பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ, அவற்றையும் பார்க்க வேண்டும். வைப்புத்தொகை, எல்ஐசி பாலிசி, அஞ்சலகச் சேமிப்பு எல்லாவற்றிலும் என் மகள் கல்யாணத்துக்கு முந்தைய பெயரோடுதான் வாரிசுதாரராக இருந்தாள். அவற்றை நான் உயிரோடு இருக்கும்போதே, கையில் தெம்பு இருக்கும்போதே மாற்றிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்து மறந்துவிடுகிறார்கள்.

அரசிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் குடியுரிமை விண்ணப்பப் படிவத்தைத் திருத்தி, குடியுரிமை கிடைத்ததும் அந்த விவரம் சமூகப் பாதுகாப்புத் துறைக்குத் தானாகவே போய்ச் சேரும்படி அதிலேயே ஒரு கேள்வி வைத்துவிட்டார்கள். என் மகள் அதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டதால் தனியாக ஒருமுறை அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது, அவளுக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. நம் தூதரகங்களும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஒப்படைப்புச் சான்றிதழ் கொடுக்கும்போது, அந்தத் தகவலைத் தேர்தல் ஆணையத்துக்கும் வருமான வரித் துறைக்கும் மாநில உணவுத் துறைக்கும் அனுப்பிவைக்கலாம். சம்பந்தப்பட்டவருக்கு ஒரு அறிவிப்பு கொடுத்துவிட்டுப் பெயரை நீக்கலாம். வயதான பெற்றோர் படிவம் நிரப்பி அலுவலகம் அலுவலகமாக நிற்க வேண்டியதில்லை.

அது டெல்லி செய்ய வேண்டியது. சென்னை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கேரளத்தில் வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கென்று 1996-லேயே தனித் துறை தொடங்கினார்கள். நமக்கும் இப்போது அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது, ஜனவரி 12-ஆம் தேதியை அயலகத் தமிழர் தினமாகவும் கொண்டாடுகிறோம். குடியுரிமை மாறியவர்களின் குடும்பங்களுக்காக எளிய தமிழில் ஒரு சிறு கையேட்டை அந்தத் துறை வெளியிட வேண்டும். எந்தக் காகிதத்தை எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தில் திருத்துவது, பெற்றோர் தாங்களே செய்யக்கூடியது எது, பிள்ளை கையெழுத்து கட்டாயம் வேண்டியது எது, விவசாய நிலத்தில் எதற்குத் தடை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இ-சேவை மையங்களிலும் சார் பதிவாளர் அலுவலகங்களிலும் அது கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளன்று இதற்கென்று ஒரு மேசை போட்டாலும் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர் வருவார்கள்.

அந்தக் கையேட்டை எழுத ஆள் வேண்டுமென்றால், வருவாய்த் துறையிலும் பதிவுத் துறையிலும் ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்கள் இந்த மாவட்டத்திலேயே பலர் இருக்கிறோம். ஊதியம் எதுவும் வேண்டாம், அழைத்தால் வந்து எழுதிக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.